மரக்காலும் மீட்டரும்: பழைய அளவைகளுக்குத் திரும்புதல் தகுமா?

முன்னுரை

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவைகளை நான்காகப் பகுத்து வழங்கினர் நம் முன்னோர். மனிதன் தன் உழைப்பின் பயனைப் பிறனுக்குக் கொடுத்து, பிறன் உழைப்பின் பயனைத் தான் கொள்ளும்போது இருவர்க்கும் நடுவே நிற்பது அளவை. அது கோணினால் உறவு கோணும்; வாணிகம் கோணும்; அறமும் கோணும்.

இத்தகைய அளவைகளுள் பழையது சிறந்ததா, புதியது சிறந்ததா என்னும் வழக்கு அண்மையில் இங்கிலாந்தில் பெரிதாக எழுந்து அடங்கியது. பவுண்டு, அவுன்சு, கஜம், அங்குலம் முதலான 'இம்பீரியல்' எனப்பெறும் பேரரசு அளவைகளுக்கு மீண்டும் திரும்பலாமா என்று அந்நாட்டு அரசே 2022-ஆம் ஆண்டில் மக்களைக் கேட்டது. நம்மிடையேயும் படி, மரக்கால், வீசை என்னும் சொற்கள் காதில் விழும்போது, 'அந்தக் காலத்துக் கணக்கே நல்ல கணக்கு' என்று பெரியோர் சிலர் கூறக் கேட்கிறோம். பழந்தமிழ் அளவைப் பெயர்களைப் பாடமாகக் கற்பிக்கும் தமிழ்த்துறையினர்க்கு இவ்வழக்கில் தனிப் பொறுப்பு உண்டு. பழைய சொற்களைப் போற்றுவதும் பழைய அளவுகளை மீண்டும் கடைவீதிக்குக் கொண்டுவருவதும் ஒன்றா, வேறா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மரபில் அளவைகள்

அளவுப் பெயர்களும் நிறைப் பெயர்களும் எந்தெந்த எழுத்துகளை முதலாகக் கொண்டு வரும் என்பதற்கே தனி நூற்பா வகுத்தவர் தொல்காப்பியர். க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என்னும் ஒன்பது எழுத்துகள் அவை. இதற்கு எடுத்துக்காட்டாக உரையாசிரியர் இளம்பூரணர் கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு என அளவுப் பெயர்களையும், கழஞ்சு, சீரகம், தொடி, பலம், நிறை, மா, வரை, அந்தை என நிறைப் பெயர்களையும் காட்டுவார். இன்று நாம் வழங்கும் கிராமும் மீட்டரும் இவ்வொன்பதனுள் அடங்குகின்றன; லிட்டரும் டன்னும் அடங்கவில்லை. தொல்காப்பியர் இருந்திருந்தால் 'இலிட்டர்' என எழுதப் பணித்திருப்பார் எனலாம்.

முகத்தலளவை வாய்பாடு அழகான ஒழுங்குடையது. 2 ஆழாக்கு 1 உழக்கு. 2 உழக்கு 1 உரி. 2 உரி 1 நாழி. 8 நாழி 1 குறுணி. 2 குறுணி 1 பதக்கு. 2 பதக்கு 1 தூணி. 3 தூணி 1 கலம். நாழியே படி எனவும், குறுணியே மரக்கால் எனவும் வழங்கப்பெற்றன. எடையில் 3 தோலா 1 பலம்; 8 பலம் 1 சேர்; 5 சேர் 1 வீசை; 8 வீசை 1 மணங்கு; 20 மணங்கு 1 கண்டி என்பது சென்னை மாகாண வழக்கு. பின்னங்களுக்கும் நம்மிடம் பெயர்ப் பஞ்சம் இல்லை. இருபதில் ஒன்று மா; எண்பதில் ஒன்று காணி; முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. 'இம்மியும் பிசகாது' என்று இன்றும் பேசுகிறோம். இம்மி என்பது மிக நுண்ணிய ஓர் அளவின் பெயர் என்பதை நினையாமலே பேசுகிறோம்.

கல்வெட்டுகளில் அளவைகள் பெற்றிருந்த இடம் இதனினும் சிறந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் கோயிலுக்கு அளக்கும் நெல்லை, 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளப்பதாகப் பெயர் சுட்டிக் கூறுகின்றன. பொன்னை நிறுத்த கல்லுக்கும் அதே பெயர் இருந்தது. நிலத்தைப் பதினாறு சாண் கோலால் அளந்ததையும் சோழர் ஆவணங்கள் குறிக்கின்றன. சில கோயில்களின் சுவரிலும் தரையிலும் அளவுகோலின் நீளம் கல்லிலேயே வெட்டி வைக்கப்பட்டது. ஐயம் எழுந்தால் எவரும் சென்று தம் கோலை அதனோடு ஒட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

இச்செய்திகளைப் பெருமிதத்தோடு கூறும் நாம் ஒரு வினாவை எழுப்பிக்கொள்ள வேண்டும். மரக்கால் என்று சொன்னாலே போதாதா? 'ஆடவல்லான் என்னும் மரக்கால்' என்று பெயர் கூட்டிச் சொல்ல வேண்டிய தேவை ஏன் வந்தது?

ஒரே பெயர், பல அளவு

விடை தெளிவானது. மரக்கால் என்னும் பெயர் ஒன்றாயினும் மரக்கால்கள் பல. எந்த மரக்கால் என்று சொல்லாவிட்டால் ஆவணம் பயனற்றதாகிவிடும். இந்நிலை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நீடித்தது. பட்டணம் படி வேறு. உள்ளூர்ப் படி வேறு. அளக்கும் முறையிலும் வேறுபாடு உண்டு. வாயோடு வழித்துத் தலைதட்டி அளப்பது ஒன்று; கோபுரமாகக் குவித்து அளப்பது மற்றொன்று. ஒரே படியில் இவ்விரு முறையாலும் அளந்தால் நெல்லின் அளவு ஒன்றாகாது.

எடையிலும் இதே கதைதான். மணங்கு என்பது சென்னையில் 25 பவுண்டு. பம்பாயில் 28 பவுண்டு. 40 சேர் கொண்ட வங்காள மணங்கோ 82 பவுண்டுக்கும் மேல். கண்டி என்பது சென்னையில் 500 பவுண்டு. பம்பாயில் 784 பவுண்டு. ஒரு கண்டிப் பருத்தி என்று ஒருவர் எழுத, மற்றவர் வேறொன்றாகப் படிக்க இடம் இருந்தது. நம் கொங்கு நாட்டில் 'வள்ளம்' என்னும் சொல் தானியம் அளக்கும் கலத்துக்கும் பெயர். புன்செய் நிலத்தின் பரப்புக்கும் பெயர். அதன் அளவும் வட்டாரத்திற்கு வட்டாரம் மாறியது.

இவ்வேறுபாடுகளால் நட்டம் அடைந்தவர் யார் என்பதே முதன்மையான வினா. இரண்டு படிகளையும் வைத்திருந்தவருக்கு நட்டமில்லை. கடன் கொடுக்கும்போது சிறிய மரக்காலும், களத்துமேட்டில் திரும்ப வாங்கும்போது பெரிய மரக்காலும் எடுத்துவந்தவர்களைப் பற்றிய பேச்சு நம் ஊர்ப்புறங்களில் இன்றும் வழங்குகிறது. அளவு கருவி ஒருவர் கையில் இருக்க, அளக்கப்படும் வாழ்வு மற்றொருவருடையதாக இருந்தது. நாம் இன்று ஏக்கத்தோடு நினைக்கும் மரக்காலுக்கு இந்த முகமும் உண்டு என்பதை மறத்தல் கூடாது.

பிரான்சு நாட்டிலும் நிகழ்ந்தது இதுவே. 1789-ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முன் அந்நாட்டு மக்கள் மன்னனுக்கு எழுதிய குறை விண்ணப்பங்களில், பிரபுக்களின் மனம்போன அளவைகளை நீக்கி நாடு முழுவதும் ஒரே அளவை வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. அதன் விளைவாகவே 1795-ஆம் ஆண்டு மீட்டர் முறை சட்டமாயிற்று. ஆகவே மெட்ரிக் முறையை அறிவியலார் ஆய்வுக்கூடத்தில் மட்டும் பிறந்ததாகக் கருதுதல் முழுமையாகாது. எளிய உழவனின் முறையீடும் அதன் பிறப்புக்குக் காரணமாகும்.

இந்தியா மாறிய வரலாறு

இந்தியாவை ஆண்ட ஆங்கில அரசே 1871-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி, ஒரு சேர் என்பது ஒரு கிலோ கிராமுக்குச் சமம் என வரையறுத்தது என்பது பலரும் அறியாத செய்தி. அச்சட்டம் நடைமுறைக்கு வரவில்லை. 1939-ஆம் ஆண்டுச் சட்டம் தோலா, சேர், மணங்கு ஆகியவற்றின் நிறையை வரையறுத்தது. ஆயினும் வட்டார வழக்குகள் மறையவில்லை.

விடுதலைக்குப் பின் முதலில் மாறியது நாணயம். 1957 ஏப்ரல் 1 முதல் ஒரு ரூபாய்க்கு 16 அணா என்பது போய் 100 நயா பைசா என்றாயிற்று. ஓர் அணா ஆறேகால் பைசாவுக்குச் சமம். கால் பைசாவுக்கு நாணயம் இல்லாமையால் ஓர் அணாவுக்கு 6 பைசா, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நான்கு அணாவுக்கு 25 என வாய்பாடு அச்சிட்டு வழங்கினர். ஒவ்வோர் அணாவாகப் பதினாறு முறை மாற்றினால் 96 பைசாதான் கிடைக்கும். நான்கு பைசா எங்கே போயிற்று என்று கேட்ட ஏழையின் ஐயம் நியாயமானதே. மாற்றம் எதுவாயினும் அதன் விளிம்பில் இத்தகைய சிறு இழப்புகள் உண்டு. அவை பெரும்பாலும் சில்லறை எண்ணி வாழ்வோர் தலையிலேயே விழுகின்றன.

எடைகளுக்கும் அளவுகளுக்குமான சட்டம் 1956 டிசம்பரில் நிறைவேறியது. 1958 அக்டோபர் 1 முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. 1962 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் கட்டாயமாயின. பின்னர் 1976-ஆம் ஆண்டுச் சட்டமும், இன்று நடப்பிலுள்ள 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் அதனை உறுதிப்படுத்தின. தராசும் எடைக்கல்லும் முத்திரையிடப்பெறாமல் வணிகம் செய்தல் இன்று குற்றம். பல மொழியும் பல வழக்கும் கொண்ட இப்பெரிய நாடு சில ஆண்டுகளுக்குள் ஒரே எடைக்கு மாறியது போற்றத்தக்க செயலாகும். ஆயினும் நாவு அவ்வளவு விரைவில் மாறவில்லை. 25 பைசா நாணயம் 2011 ஜூன் 30-உடன் செல்லாதாகும்வரையிலும் அதனை 'நாலணா' என்றே அழைத்தோம்.

இங்கிலாந்தில் எழுந்த வழக்கு

இனி இங்கிலாந்துக்கு வருவோம். அந்நாடு மெட்ரிக் முறைக்கு மாறுவதாக 1965-ஆம் ஆண்டில் அறிவித்தது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் அது சேர்ந்தது 1973-இல்தான். ஆகவே, ஐரோப்பா வற்புறுத்தியதால் மட்டுமே மாறினோம் என்று அங்குச் சிலர் கூறுவது முழு உண்மையன்று. எனினும் மாற்றம் அரைகுறையாகவே நின்றது. சாலைப் பலகைகளில் மைல் இன்றும் நிற்கிறது. திறந்த நிலையில் விற்கும் பொருள்களுக்கு மெட்ரிக் எடை 2000 ஜனவரி 1 முதல் கட்டாயமாயிற்று. அவ்வாண்டே சண்டர்லாந்து நகரத்துக் காய்கனி வணிகர் ஸ்டீவன் தோபர்ன் வாழைப்பழத்தைப் பவுண்டுக் கணக்கில் விற்றதற்காக வழக்கில் சிக்கினார். 2001-இல் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. 2002-இல் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. ஒரு சிறு வணிகர் நாடறிந்தவரானார். சிறிய கடைக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது சரிதானா என்று பலரும் கேட்டனர். அக்கேள்வியில் இரக்கம் உண்டு. அதனைப் புறக்கணித்தல் தகாது.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பின், பழைய அளவைகளை மீட்பது நாட்டுப் பெருமை என்னும் குரல் ஓங்கியது. 2022 ஜூன் 3 அன்று அரசு மக்கள் கருத்தைக் கேட்கத் தொடங்கியது. மெட்ரிக் அளவில் மட்டுமே வாங்க விரும்புகிறேன் என்று விடையளிக்க ஒரு வினாவில் இடமே வைக்கவில்லை என்னும் குறை அப்போதே சொல்லப்பட்டது. ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் விடையளித்தனர். முடிவு 2023 டிசம்பர் 27 அன்று வெளியாயிற்று. 98.7 விழுக்காட்டினர் மெட்ரிக் அளவையே, தனித்தோ இப்போது உள்ளவாறு முதன்மையாகவோ, தொடர வேண்டும் என்றனர். பேரரசு அளவை மட்டுமே வேண்டும் என்றோர் 0.4 விழுக்காட்டினர். சட்டம் மாற்றப்படவில்லை.

பழைய அளவைகளுக்காக வாதிடுவோர் கூறும் காரணங்களையும் நேர்மையோடு நோக்க வேண்டும். பன்னிரண்டை மூன்றாகவும் நான்காகவும் பகுக்கலாம். பத்தை அவ்வாறு பகுக்க இயலாது. பதினாறைப் பாதி பாதியாகப் பகுத்துக்கொண்டே போகலாம். சாண், முழம், அடி என்பன மனித உடலிலிருந்து பிறந்தவை. எவருக்கும் எளிதில் விளங்கும். இவை மெய்யே. ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி என இரட்டித்துச் செல்லும் நம் வாய்பாடும் அந்த எளிமையால் வாழ்ந்ததே. ஆனால் உடலிலிருந்து பிறந்த அளவு உடலுக்கு உடல் மாறும். பூக்கடையில் முழம்போட்டு வாங்கும் நம் பெண்கள் எல்லாரும் இதனை அறிவர்.

மற்றோர் உண்மையும் உண்டு. இன்று உலகில் வழங்கும் பவுண்டும் கஜமும் தம் காலில் நிற்கவில்லை. 1959-ஆம் ஆண்டு ஆங்கிலம் பேசும் நாடுகள் கூடிச் செய்த உடன்பாட்டின்படி ஒரு பவுண்டு என்பது 0.45359237 கிலோ கிராம். ஒரு கஜம் என்பது 0.9144 மீட்டர். மெட்ரிக் அளவைக் கொண்டே பேரரசு அளவு வரையறுக்கப்படுகிறது. திரும்பிச் செல்வதாக எண்ணுவோர்க்குத் திரும்பிச் செல்லும் இடமே மீட்டரின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

கலப்பளவையின் கேடு

பழைய அளவையும் புதிய அளவையும் அருகருகே வழங்கினால் என்ன குறை என்று கேட்கலாம். 1983 ஜூலை 23 அன்று கனடா நாட்டின் பயணியர் வானூர்தி ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து தவித்தது. அதற்குத் தேவைப்பட்டது 22,300 கிலோ எரிபொருள். கிலோவுக்குரிய எண்ணுக்கு மாறாகப் பவுண்டுக்குரிய எண்ணைக் கொண்டு கணக்கிட்டமையால் அதில் பாதிக்கும் குறைவான எரிபொருளே இருந்தது. கிம்லி என்னுமிடத்துப் பழைய விமானத்தளத்தில் விமானிகள் திறமையோடு இறக்கியதால் உயிர்கள் தப்பின. 1999 செப்டம்பரில் செவ்வாய்க் கோளுக்கு அமெரிக்கா அனுப்பிய ஆய்வுக்கலம் அழிந்ததற்கும் இத்தகைய பிழையே காரணம். ஒரு குழுவினர் பவுண்டு அடிப்படையில் தந்த எண்ணை மற்றொரு குழுவினர் மெட்ரிக் எண்ணாகக் கொண்டனர். அறிவிற் சிறந்தோர் கூடிய இடத்திலேயே இவ்வாறு நிகழுமாயின், அன்றாடக் கூலிக்கு உழைப்போர் கூடும் இடத்தில் என்ன நிகழும்?

திருச்செங்கோட்டில் இன்று

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பெயர்பெற்ற ஊர். இங்கிருந்து புறப்படும் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் செல்கின்றன. இத்தொழிலின் மொழி முழுவதும் அடியும் அங்குலமும்தான். துளையின் விட்டம் ஆறரை அங்குலம், ஆழம் அடிக்கணக்கு, கூலியும் அடிக்கு இவ்வளவு என்பது. ஆழம் கூடக்கூட அடிக்கான விலையும் படிப்படியாகக் கூடும். ஆனால் நீர்மூழ்கி மோட்டாரின் தகட்டில் எத்தனை மீட்டர் உயரத்திற்கு நீரை ஏற்றும் என்பதே பொறிக்கப்பட்டுள்ளது. 150 மீட்டர் என்பது 492 அடி. 600 அடியில் மோட்டாரை இறக்க வேண்டிய உழவர் இக்கணக்கை அறியாவிட்டால் கடன்பட்டு வாங்கிய மோட்டார் நீரை மேலேற்றாது. பிழை செய்தவர் யாராயினும் வட்டி கட்டுபவர் அவரே.

விசைத்தறியை நோக்குவோம். '40-ஆம் நம்பர் நூல்' என்கிறோம். ஒரு பவுண்டு நூலில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் 40 இருக்கும் என்பது அதன் பொருள். அதாவது ஒரு பவுண்டுக்கு 33,600 கஜம். நூல் விற்கப்படுவதோ கிலோவில். கிலோவுக்கு ஏறத்தாழ 67,700 மீட்டர் எனக் கணக்கிட்டால்தான் எத்தனை மீட்டர் துணி நெய்யலாம் என்பது விளங்கும். துணியின் அகலம் அங்குலம், நீளம் மீட்டர், நெருக்கம் அங்குலத்திற்கு இத்தனை இழை. நெய்து முடித்த வேட்டியோ நான்கு முழம், எட்டு முழம். 18 அங்குலம் ஒரு முழமாகக் கொண்டால் நான்கு முழம் 1.83 மீட்டர். ஒரே தறியில் கிலோ, பவுண்டு, கஜம், மீட்டர், அங்குலம், முழம் ஆகிய ஆறும் ஓடுகின்றன. இவ்வாறும் அறிந்த தறிக்காரர் தம் கூலியைத் தாமே சரிபார்ப்பார். அறியாதவர் சொன்னதை வாங்கிச் செல்வார்.

நிலத்தில் குழப்பம் இன்னும் மிகுதி. பேச்சிலும் கிரயப் பத்திரத்திலும் ஏக்கர், சென்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர். ஓர் ஏக்கருக்கு உரியவர் தம் பட்டாவில் 0.40.5 என்னும் எண்ணைக் கண்டு, நிலம் பாதிக்குமேல் குறைந்துவிட்டதோ என்று கலங்க நேரும். ஒரு ஹெக்டேர் 247 சென்ட் என்னும் ஒரே வரி தெரிந்தால் அக்கலக்கம் நீங்கும். பொன் வாங்கும்போது 'பவுன்' என்கிறோம். அது ஆங்கில நாட்டுப் பொன் நாணயத்தின் பெயர். அந்நாணயத்தின் நிறை ஏறத்தாழ 7.99 கிராம், நாம் அதனை 8 கிராமாக்கிக் கொண்டோம். பருத்திப் பஞ்சின் விலையைக் கண்டிக்கு இவ்வளவு என்றே இன்றும் கூறுவர். அக்கண்டி பழைய பம்பாய்க் கண்டியாகிய 356 கிலோ. நம் ஊர்க் கூட்டுறவு விற்பனைச் சங்கத்து ஏலத்திலோ உழவர் கொண்டுவரும் பருத்தியும் மஞ்சளும் குவிண்டால் கணக்கில் விலைபோகின்றன. குவிண்டால் என்றால் 100 கிலோ என்பதில் இன்று எவர்க்கும் ஐயமில்லை. ஐயமில்லாமையே அங்கு உழவருக்கு உள்ள பாதுகாப்பு.

இவற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். 'நம் பழைய அளவு' என நாம் இன்று பழக்கத்தால் பற்றிக்கொண்டிருக்கும் அடி, அங்குலம், ஏக்கர், பவுன் ஆகியவற்றுள் பெரும்பாலானவை ஆங்கிலேயர் விட்டுச்சென்றவை. அடி என்னும் சொல் தமிழ். அதன் நீளம் ஆங்கிலம். குழியும் மாவும் வேலியும் வள்ளமும் ஏற்கெனவே ஏக்கருக்கு இடம்விட்டுப் போயின. பாரதியார் பராசக்தியிடம் வேண்டிய காணி நிலம் எவ்வளவு என்று கேட்டால் விடை சொல்வோர் சிலரே. சென்னைப் பக்கத்து வழக்கில் அது ஏறத்தாழ ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல். ஆகவே, திரும்புவோம் என்று கூறுவோர் எங்கே திரும்புவது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

அளவும் அறமும்

அளவை பற்றிய அறம் சமயங்கள் அனைத்துக்கும் பொது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் தாம் கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளார், கொடுக்கும்போது குறைத்துக் கொடார் என்று பட்டினப்பாலை பாராட்டுகிறது. திருவள்ளுவர் நடுவுநிலைமைக்கு உவமையாகத் துலாக்கோலையே எடுத்தார். திருக்குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம் அளவில் குறை செய்வோரின் பெயராலேயே அமைந்தது. தாம் வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறர்க்கு அளக்கும்போதும் நிறுக்கும்போதும் குறைப்போரை அது கடிந்துரைக்கிறது. பட்டினப்பாலை போற்றும் வணிகரின் நேர் எதிர் உருவம் இது. மத்யன் நகர மக்களுக்கு இறைத்தூதர் ஷுஐப் (அலை) அவர்கள் விடுத்த அறிவுரையிலும் அளவையும் நிறையையும் முழுமையாகக் கொடுங்கள் என்பது தலையாயது.

முகத்தலுக்கு மதீனாவின் அளவும் நிறுத்தலுக்கு மக்காவின் நிறையும் முதன்மை என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வரையறுத்ததாக நபிமொழி உண்டு. பலவாறாக வழங்கியவற்றுள் ஒன்றை அனைவர்க்கும் பொதுவாக்கிய செயல் அது. நோன்புப் பெருநாளுக்கு முன் ஏழைக்கு வழங்கும் ஃபித்ராவின் அளவு ஒரு 'ஸாஉ'. நான்கு 'முத்து' கொண்ட மதீனத்து முகத்தலளவு. இன்று நம் வீடுகளில் ஸாஉ என்னும் கலம் இல்லை. அறிஞர்கள் அதனைக் கிலோவாகக் கணக்கிட்டுக் கூறுகின்றனர். கணக்கில் சிறு வேறுபாடுகள் இருப்பினும் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ அரிசி என்று நம் பகுதியில் கேட்கிறோம். பொன்னுக்கு ஜகாத் கடமையாகும் 20 மிஸ்காலையும் ஏறத்தாழ 11 பவுன் எனக் கணக்கிடுவோர் உளர். கடமை மாறவில்லை, பெறுவோரின் உரிமை குறையவில்லை, அளக்கும் கருவி மட்டுமே மாறியது. கருவியைப் புனிதமாக்காமல், கருவியால் காக்கப்படும் நீதியைப் புனிதமாகக் கொண்ட மரபு இது. இம்மரபை அறிந்தோர்க்கு மெட்ரிக் முறையை ஏற்பதில் மனத்தடை எழ வேண்டியதில்லை.

மாணவர் செய்யத்தக்கன

அங்ஙனமாயின் பழைய அளவைகளை மறந்துவிடலாமா? கூடாது. அவற்றை மறந்தால் கல்வெட்டைப் படிக்க இயலாது. பழைய பத்திரங்கள் விளங்கா. கணக்கதிகாரம் போன்ற நூல்கள் மூடிய பெட்டிகளாகிவிடும். எனவே, தமிழ் பயிலும் மாணவர்க்கு இரண்டு பணிகள் உள்ளன.

முதலாவது, தொகுத்தல். திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வள்ளமும் படியும் கொண்டு அளந்த முதியோர் இன்னும் உள்ளனர். பரணில் கிடக்கும் பழைய படியை எடுத்து அதில் எத்தனை மில்லி லிட்டர் நீர் கொள்கிறது என்று அளந்து, அதன் பெயரையும் ஊரையும் பயன்பட்ட முறையையும் எழுதிவைக்க வேண்டும். நெல்லுக்கும் கம்புக்கும் நிலக்கடலைக்கும் தலைதட்டினரா, குவித்தனரா என்பதையும் கேட்டறிய வேண்டும். அம்முதியோருக்குப்பின் இதனைக் கேட்க ஆள் இல்லை.

இரண்டாவது, விளக்குதல். வீட்டில் கல்லூரிப் படிப்பை எட்டிய முதல் தலைமுறையினர் நம் மாணவருள் பலர். தந்தையின் பட்டாவையும், அண்ணனின் நூல் கணக்கையும், பக்கத்துத் தோட்டத்தாரின் மோட்டார்த் தகட்டையும் படித்துப் பொருள் சொல்லும் கடமை அவர்களுடையது. 1 அடி 30.48 சென்டி மீட்டர். 1 சென்ட் 435.6 சதுர அடி. 1 பவுண்டு 453.6 கிராம். இம்மூன்று வரிகள் ஒரு குடும்பத்தை ஏமாற்றத்திலிருந்து காக்கும்.

முடிவுரை

அளவையின் சிறப்பு அதன் பழைமையில் இல்லை. அது பிறந்த நாட்டிலும் இல்லை. கொடுப்பவர்க்கும் கொள்பவர்க்கும் அது ஒன்றாய் இருப்பதிலேயே உள்ளது. சோழர் கோயில் சுவரில் கோலை வெட்டி வைத்ததும், மதீனத்து அளவு பொதுவாக்கப்பட்டதும், 1958-இல் இந்தியா கிலோவை ஏற்றதும் இந்த ஒரே நோக்கத்தின் பல நிலைகளாகும். பழைய அளவைக்குத் திரும்புதல் நம் முன்னோரைப் போற்றுவதாகாது. அவர்கள் நாடிய பொதுமையைக் கைவிடுவதாகவே முடியும். உழக்கும் உரியும் தூணியும் பதக்கும் நம் வகுப்பறையிலும் அகராதியிலும் பேச்சிலும் நிலைத்து வாழட்டும். கடைவீதியிலும் களத்துமேட்டிலும் தறிக்கூடத்திலும் எளியவரும் தாமே சரிபார்க்கத்தக்க ஒரே அளவு நிலவட்டும். அதற்குத் துணைநிற்பது கற்றோர் கடனாகும்.